ஒரு மனைக்கு ஓர் அடுப்பு

மார்ச் 6

தங்கச்சிக்கு,

அன்றைக்குச் சபைக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. மேடையில் தலைவி, அந்த ஓய்வுபெற்ற டீச்சர். அவர் பக்கத்தில் மனை விதி பார்க்கிற அதிகாரி, வார்த்தைக்கு வார்த்தை தும்முகிறாரே, அந்தத் தும்மல்காரர். பேசுவதையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண். முன் வரிசையில் நிலத் தரகர் பல்லழகர். அவருக்குப் பின்னால் நம் பக்கத்து நிலத்து நாற்றுக்காரர். கதவோரம் பஸ் டிரைவர். அவர் எதற்கு வந்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் நான், நீ, நமக்கு நடுவில் என் மகன்.

இத்தனை பேர் முன்னால்தான் நீ அதைச் சொன்னாய்.

போனில் கேட்டால் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீயே எழுத்துக் கூட்டிப் படி.

பல்லழகர் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். டவுனை ஒட்டியிருந்த வயலையெல்லாம் வாங்கிப் பிஸ்கட் மாதிரி நறுக்கி விற்றார். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் இருமினார்கள். கிணறு வற்றியது, சாக்கடை நிரம்பியது. சபை பயந்துபோய் நேர் எதிராக ஒரு விதி போட்டது. டவுன் எல்லைக்கு வெளியே இனி ரெண்டு ஏக்கருக்கு ஒரு வீடு. தென்னம்பிள்ளை நடுகிற மாதிரி இடைவெளி விட்டு மனுஷனை நட்டார்கள். நம்முடையது ஒன்றேமுக்கால் ஏக்கர். பழைய வீடு என்பதால் அது இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதே மனையில் இன்னொரு வீடு கூடாது என்றார்கள்.

பின்னால் இருப்பது வீடா? உன் அத்தான் பம்பு ரிப்பேர் பார்த்த ஷெட். உன் வீட்டுக்காரர் போன பிறகு, குடியிருந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று நீ பெட்டியோடு வந்து நின்றாய். நான்தான் எண்ணெய்க் கறையைச் சுரண்டி, வெள்ளையடித்து, ஜன்னல் வைத்துக் கொடுத்தேன். மூலையில் மேடை கட்டி நீயாக ஓர் அடுப்பு வைத்துக்கொண்டாய். அதையும் நான் ஏன் என்று கேட்கவில்லை.

தும்மல்காரர் நல்ல மனுஷன். நம் மனையின் முறை வந்தபோது அவர் கேட்ட கேள்வியே பதிலைக் கையில் திணிக்கிற மாதிரி இருந்தது.

"சாப்பாடெல்லாம் அக்கா வீட்டுலதானேம்மா? பின்னாடி சும்மா படுக்கிற ரூம்தானே?"

தலையை ஆட்டினால் போதும். மாடுகூட ஆட்டும். நீ எழுந்து நின்றாய். தோளை நிமிர்த்திக்கொண்டாய்.

"நான் யார் கையிலயும் சாப்பிடுறதில்லங்க. எனக்குத் தனி அடுப்பு இருக்கு."

கூடமே திரும்பிப் பார்த்தது. தும்மல்காரருக்குத் தும்மல்கூட நின்றுவிட்டது. "நாங்க ஆளை எண்ணுறதில்லம்மா, அடுப்பைத்தான் எண்ணுவோம். ரெண்டு அடுப்புன்னா ரெண்டு வீடு" என்று மெதுவாகச் சொன்னார். சொன்னபோது அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நீ அந்த வாரமே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். நேற்று சபை ஆட்கள் வந்து உன் அடுப்பைக் கழற்றிவிட்டார்கள். உன் அறையில் இனி யாரும் தனியாகக் குடியிருக்கக் கூடாது என்று காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

எதற்காக அப்படிச் சொன்னாய்? அதற்கு மட்டும் பதில் எழுது. சுகமா, மழையா என்றெல்லாம் எழுதாதே.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானேதான் படித்தேன். உன் எழுத்து அப்படி ஒன்றும் கோணலாக இல்லை.

இங்கே பதின்மூன்றாவது மாடி. ஹாலில் சோபாவை இழுத்தால் எனக்குக் கட்டில். காலையில் மாப்பிள்ளை குளித்துவிட்டு வருவதற்குள் மடித்துவிட வேண்டும். மடித்து, தலையணையை டி.வி. மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டால், இந்த வீட்டில் நான் படுத்த தடமே இருக்காது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்கிறேன். பிறகு எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கலாம் என்று போனால், "இருங்கம்மா, நான் வைக்கிறேன்" என்று மகள் பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறாள். அன்பாகத்தான் வாங்குகிறாள். அதனால்தான் எதுவும் சொல்ல முடியவில்லை. என் தலைக்கு மேலே அடுப்பு, காலுக்குக் கீழே அடுப்பு, சுவருக்கு அந்தப் பக்கமும் அடுப்பு. அடுத்த வீட்டுக் குக்கர் விசில் எனக்குள் கேட்கிறது. இத்தனை அடுப்பில் ஒன்றுகூட என் கைக்கு இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், வெளியே மரத்தடியில் நின்று நாற்றுக்காரரிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய்? "என் தங்கச்சி போக்கிடம் இல்லாதவ, என் கையில சாப்பிட்டுக் கிடக்கா" என்று சொன்னாய். அதற்குப் பிறகு நான் உள்ளே வந்து, அதே நாற்றுக்காரர் முன்னால் எழுந்து நின்று, ஆமாம், அக்கா கையில்தான் சாப்பிடுகிறேன் என்று தலையாட்ட வேண்டுமா? நீயாக இருந்தால் ஆட்டியிருப்பாயா?

சின்ன வயதில் என் பங்கு மிட்டாயை எனக்கே கொடுத்துவிட்டு, கொடுத்தேன் கொடுத்தேன் என்று தெருவெல்லாம் சொல்லுவாய். அது நினைவுக்கு வந்தது.

மகள் வரும் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

தங்கச்சி


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

மிட்டாய் கொடுத்தேன், சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்றுக்காரரிடம் நான் பேசியதை வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

"போன வருஷம் குடுத்த செம்பருத்தி மூணும் பட்டுப்போச்சு, பழைய நாத்தை என் தலையில கட்டிட்டீங்க" என்றேன். "தண்ணி ஊத்துனீங்களா" என்று கேட்டார். "இல்ல, பாட்டுப் பாடினேன்" என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். உன் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. என் ஞாபகத்தை நீ என்றைக்காவது பொய் என்று நிரூபித்திருக்கிறாயா? உன் காதால் கேட்டாயா நீ? அதை எழுது முதலில்.

பஸ் டிரைவர் எதற்கு வந்தார் என்று இப்போது தெரிந்துவிட்டது. சாலையில் நாலு வீடு கூடினால்தான் வண்டி ஓடும் என்று சொல்ல வந்தாராம். அவரைப் பேசவே விடவில்லை. இந்த மாதத்திலிருந்து நம் சாலைக்கு பஸ் கிடையாது. மளிகைக் கடைக்காரரும் ஷட்டரை இறக்கிவிட்டார், ஆளே இல்லாத ரோட்டில் யாருக்கு விற்பது என்று. வாசலில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் வேலி, நடுவில் புல். பார்க்க அழகாக இருக்கிறதென்று காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நான் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறேன்.

மாத்திரை, அரிசி, சோப்பு எல்லாம் இனி மகன் கார் வந்தால்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான். வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. யாரோ ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறாராம். "பெரிய மனை, ஒரே வீடு, பின்னாடி ஆள் தொந்தரவு இல்ல. இந்த விதி வந்த பிறகு இப்படி இடத்துக்குத்தான்மா கிராக்கி" என்கிறான். அவன் வீட்டில் எனக்கு ஓர் அறை தயாராம். தரையெல்லாம் வழுவழு என்று. நான் வரவில்லை என்றேன். அவன் சண்டை போடவில்லை. போகும்போது ஏணியை எடுத்துக்கொண்டு போனான், உனக்கு எதுக்கும்மா இது என்று. போன வாரம் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு போனான். வாராவாரம் வீடு என்னைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. நாற்றுக்காரர் வண்டியில் ஏறிப் போய்த் தும்மல்காரரைப் பார்த்தேன். ஒரு வழி சொன்னார். முன்வீட்டையும் உன் அறையையும் ஒரே கூரையால் சேர்த்துவிட்டால் அது ஒரே வீடுதானாம். நீ அங்கே தாராளமாக இருக்கலாம். ஆனால் அடுப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

ஆகவே வந்துவிடு. நடுவில் தகரக் கூரை போட ஆள் சொல்லியிருக்கிறேன். என் சமையலறை பெரியது, இரண்டு பேருக்குச் சேர்த்தே ஆக்குகிறேன். உனக்குக் காரம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

உன் அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கூரை போடுவதாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். நான் வரவில்லை அக்கா.

கோபித்துக்கொள்ளாமல் படி. கல்யாணமாகிப் போனதும் மாமியார் அடுப்பு. மாமியார் போன பிறகு அது என்னுடையது என்று நினைத்தேன். ஆனால் என்ன ஆக்குவது, எப்போது ஆக்குவது, எத்தனை பேருக்கு ஆக்குவது எல்லாம் என் வீட்டுக்காரர் சொல்படிதான். இப்போது மகள் அடுப்பு. உன் ஷெட் மூலையில்தான் முதன்முதலாக, பசித்த நேரத்தில், எனக்குப் பிடித்ததை, எனக்கு மட்டும் ஆக்கிச் சாப்பிட்டேன். சில நாள் ஒன்றுமே ஆக்கமாட்டேன். அதுவும் என் இஷ்டம்தான். உனக்கு இது புரியாது. உனக்கு எப்போதும் அடுப்பு இருந்தது. உன் சமையலறையில் நான் வந்து உட்கார்ந்தால், நீ ஆசையாகத்தான் போடுவாய். ஒவ்வொரு வாயிலும் பார்த்துக்கொண்டே இருப்பாய். அதற்கு நான் இங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

ஆனால் இங்கேயும் ரொம்ப நாள் நிற்க முடியாது போலிருக்கிறது. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல். அங்கே பார்த்திருக்கும் வீடு இதைவிடச் சின்னதாம், சோபாவே போடமுடியாதாம். உள்ளறையில் இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். இந்தச் சுவருக்கு மெதுவாக என்று ஒன்று கிடையாது. ஒரு முதியோர் விடுதி பார்த்து வைத்திருக்கிறார்கள். ஓர் அறைக்கு நான்கு பேர். மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமாம். மகள் இன்னும் என்னிடம் சொல்லவில்லை. ஜூன் தொடங்குவதற்குள் சொல்லியாக வேண்டும், பாவம். நானே முந்திக்கொண்டு சரி என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நாற்றுக்காரர் விஷயம். நீ அப்படி அடித்துக் கேட்டபிறகு நினைத்துப் பார்த்தேன். நான் என் காதால் கேட்கவில்லைதான். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் மகன்தான் வந்து சொன்னான், அம்மா இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று. பிள்ளைக்கு முகமே வாடியிருந்தது. "மனசுல வச்சுக்காதீங்க சித்தி. உள்ள அந்த அதிகாரி கேட்டா மட்டும் கூச்சப்படாம சொல்லிடுங்க, எனக்குத் தனி அடுப்பு இருக்குன்னு. அப்பத்தான் உங்களுக்கு மரியாதை" என்றான்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் என் மரியாதையை நினைத்தவன் அவன் ஒருவன்தான். நீ இதைக் கேட்டு அவனைத் திட்டாதே. நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான், உன் பேச்சைத் தப்பாகக் காதில் வாங்கியிருப்பான். சின்ன வயதில் என் மடியில்தான் தூங்குவான்.

தங்கச்சி


மே 13

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

உனக்கு விளங்கவில்லை என்பதால் எழுதுகிறேன். என் மகனுக்கு என்ன வேலை? வங்கியில் வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களின் மனைப் பத்திரம் பார்க்கிற வேலை. எந்த மனையில் எத்தனை வீடு கட்டலாம், எதை வீடு என்று கணக்கு வைப்பார்கள், எல்லாம் அவனுக்கு விரல் நுனியில். அடுப்பை எண்ணுவார்கள் என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த நம் மூன்று பேரில் அது தெரிந்தவன் ஒருவன்தான், அவன் நம் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். காய்கறிப் பையை வைத்தான். "சித்திகிட்ட கார்ல என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

மழுப்புவான் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"ஆமா சொன்னேன். ரெண்டு பேரும் இந்தக் காட்டுல விழுந்து கிடந்தா யாரும்மா பாப்பாங்க? ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் உங்கள்ல யாருக்கு என்ன ஆச்சோன்னுதான் எடுக்கிறேன். சித்தி இருக்கிற வரைக்கும் நீ கிளம்ப மாட்ட."

கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்த் தண்ணீர் இல்லை, நான் பெற்ற பிள்ளையின் கண் எனக்குத் தெரியாதா. அவன் பயந்ததும் நிஜம். வாங்குகிற ஆளைப் பார்த்து வைத்ததும் நிஜம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான், காய்கறி மாதிரி. பையை எடுத்துக்கொண்டு போ என்றேன். வைத்துவிட்டுத்தான் போனான்.

மறுநாள் நாற்றுக்காரர் வண்டியில் ஏறினேன். தும்மல்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஒரு அடுப்புதான்னு சொல்றீங்க. அது எங்க இருக்கணும்னு எங்கயாவது சொல்லியிருக்கா?"

அவர் புரட்டிப் பார்த்தார். தலைவியிடம் போனில் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று தும்மல்காரர் என்னைத் திருப்பி அனுப்பினார். பத்து நாள் இழுத்தடித்த பிறகு ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார். முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம், ஒன்றாக இருந்தால் சரி.

உடனே கேஸ்காரரைக் கூப்பிட்டு என் அடுப்பைக் கழற்றச் சொன்னேன். அவர் மூன்று தடவை கேட்டார், நல்லா இருக்கிற அடுப்பை எதுக்கு கழற்றச் சொல்றீங்க என்று. கழற்றிக்கொண்டு போய் உன் அறை மேடையில் வைத்து இணைப்புக் கொடுத்தார். என் சமையலறையில் கேஸ் குழாய் வாயை மூடி அடைத்தாயிற்று. சுவரில் அடுப்பிருந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்கிறது, வெள்ளையடிக்கவில்லை. நடுவில் தகரக் கூரை போட்டாயிற்று. மழை பெய்தால் பேசுவது காதில் விழாது, அது நமக்கு நல்லதுதான். தும்மல்காரர் வந்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கூரைக்கு அடியிலேயே நடந்து பார்த்தார். ஒரே வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை அவரே கிழித்தார்.

அடுப்பு உன்னுடையது. என்ன ஆக்குவது, எப்போது ஆக்குவது, ஆக்காமல் விடுவது எல்லாம் உன் இஷ்டம். நான் தட்டை எடுத்துக்கொண்டு கூரைக்கு அடியில் நடந்து வருவேன். உப்புக் குறைந்தால் குறைந்தது என்பேன், அதை மட்டும் விடமாட்டேன். நாற்றுக்காரரிடம் நானே போய், இனிமேல் நான் என் தங்கச்சி கையில்தான் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் தலையாட்டினார்.

மகள் விடுதியைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ கிளம்பிவிடு. அவளுக்கும் நிம்மதி. பஸ் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. சனிக்கிழமை நாற்றுக்காரர் செடி இறக்க உங்கள் பக்கம் வருகிறார், முன் சீட்டில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுப்பைக் கழற்றிய நாளிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும்தான் தின்றுகொண்டிருக்கிறேன். பற்ற வைக்கத் தெரியாமல் இல்லை. அது உன் அடுப்பு என்று சொல்லிவிட்டேன், அதனால்.

உன் அக்கா

இன்னொன்று. அவனைத் திட்டாதே என்று எழுதியிருந்தாய். திட்டவில்லை. கண் டாக்டர் இருக்கும் பக்கம் நாற்றுக்காரர் வண்டி போகாது, அங்கே போக அவன் காரில்தான் ஏறியாக வேண்டும், இந்த ரோட்டில் எனக்கு வேறு வழி எதையும் சபைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. ஏறுவேன். பெல்ட் மாட்டிவிடுவான், குளிருதாம்மா என்பான், இல்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் நீ தாராளமாகத் தட்டில் போடு, உன் மடியில் தூங்கின பிள்ளை, நான் குறுக்கே நிற்கமாட்டேன். விதி போட்ட தலைவியை மன்னித்துவிட்டேன். தும்மல்காரரை என்றைக்கோ மன்னித்தாயிற்று. உன்னைப் பாதி மன்னித்திருக்கிறேன், மீதியை வந்து வாங்கிக்கொள். நான் கண்ணை மூடுகிறவரை மன்னிக்கப் போவதில்லை என்று ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான். அது என் மகன்.